முப்பத்தொரு சந்தேகச் சீட்டுகள்

எங்கள் நகரம் தன் சாசனத்தை மறுபடியும் திருத்தப் போகிறதாம். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் முழங்கால்தான் நொந்தது. போன தடவை அதன் வரைவுகளைக் கட்டுக் கட்டாக மூன்று மாடி ஏற்றி இறக்கியவன் நான். நகரச் செயலகத்தில் இப்போது வேலை செய்யும் இளம் ஆட்கள், அந்த நாட்களைப் பற்றி ஊழியர் மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது, வாக்காளர்கள் முடிவு செய்தார்கள், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி என்று அதில் இருக்கிறது. ஜேர்மனில் நான் மிகவும் அடக்கமான மனிதன். நடந்ததைச் சொல்வதென்றால் எனக்குத் தமிழ் வேண்டும்.

சாசனம் என்றால் ஏதோ கல்வெட்டு என்று நினைக்க வேண்டாம். சுவிஸில் ஒவ்வொரு நகரத்துக்கும் சொந்தமாக ஒரு அடிப்படைச் சட்டம் உண்டு. நகரசபையில் எத்தனை பேர், அவர்கள் தாங்களாக எதை முடிவு செய்யலாம், எதற்குச் சனத்தைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் ஒவ்வொரு குடிமகன் வீட்டுக்கும் கடித உறை போக வேண்டும். உள்ளே இருக்கும் வாக்குச் சீட்டிலுள்ள பெட்டிக்குள் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் கையால் "யா", அதாவது ஆம், என்று எழுதினால் மாற்றலாம். "நைன்", அதாவது இல்லை, என்று எழுதினால் அந்த வரி இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது, சுருக்குகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பேர்ணில் ஒரு சமையலறையில் நான்கு வருடம் கோப்பை கழுவி, பிறகு ஷாஃப்ஹவுசனுக்குக் கிட்ட இருக்கும் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து, நகர மண்டபத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் மேசை துடைக்கும்போது அங்கே சரிந்து கிடந்த கடித உறைகளை அளவுவாரியாக அடுக்கி வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலை நகரச் செயலாளர் ஹெர் ரூட்டிமான் என்னைக் கூப்பிட்டு, "இதை அடுக்கியது யார்?" என்று கேட்டார். வேலை போகப் போகிறது என்று நினைத்தேன். அவர் எனக்கு வேறு வேலை தந்தார்.

அந்த வேலைக்கு வைபல் என்று பெயர். கந்தோரில் தபால், கதவுத் திறப்புகள், அச்சடிப்பு, கோப்பி எல்லாம் வைபலின் பொறுப்பு. ஆனால் நகர விழா நாட்களில் அவர் பாதி பச்சையும் பாதி வெள்ளையுமான ஒரு நீண்ட மேலங்கியைப் போட்டுக்கொண்டு நகரத் தலைவருக்கு முன்னால் நடப்பார். அந்த அங்கியில் நான் முதன்முதல் நடந்த அன்று எடுத்த படம் கனடா, லண்டன், கொழும்பு எல்லாம் போனது. எனக்கு மந்திரி வேலை கிடைத்துவிட்டது என்று கனடாவில் ஒரு மச்சான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தான். நான் திருத்தவில்லை.

ஹெர் ரூட்டிமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஏழு இருபத்தொன்பதுக்கு வாசலுக்கு வருவார். வேலை ஏழரைக்குத்தான் தொடங்குகிறது என்பதால் ஒரு நிமிடம் வெளியே நிற்பார், மழையென்றாலும் நிற்பார். சத்தம் போட்டு ஒருநாளும் ஏசியதில்லை. பிழை ஒன்றைக் கண்டால் மெல்லிய குரலில் "இன்ரெசாண்ட்" என்பார். சுவாரசியம் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டால் செய்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன் முதல் உறையைத் தன் வீட்டு முகவரிக்கே அனுப்புவார். விளக்கப் புத்தகம், சீட்டு, சீட்டை வைக்கும் சின்ன உறை, கையொப்பமிடும் வாக்குரிமை அட்டை, எல்லாம் சொன்ன வரிசையில் இருக்கின்றனவா என்று குசினி மேசையில் பிரித்துப் பார்ப்பாராம். ஒருமுறை சின்ன உறையும் அட்டையும் இடம் மாறி இருந்தன. இன்ரெசாண்ட் என்றார். பத்தாயிரம் உறைகளையும் திறந்து மறுபடி அடுக்கினோம்.

சாசனத்தை முழுக்கத் திருத்துவது என்று தீர்மானித்ததும் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. ஒன்பது வருடம் போயிற்று. மூன்று நிரலுள்ள ஒரு பெரிய அட்டவணை செய்தார். இடப்பக்கம் பழைய வரி, நடுவில் புதிய வரி, வலப்பக்கம் காரணம். அதைக் கட்சிகளுக்கும் சங்கங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டோம். மீன்பிடிச் சங்கம், சாசனத்தில் மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று கவலை தெரிவித்தது. ஒரு அம்மா தேவாலய மணிச் சத்தத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தார். சாசனத்தில் மணியே இல்லை. எல்லோருக்கும் பதில் போனது. நகரசபையில் ஐந்து பேரா ஏழு பேரா என்று ஒரு குழு இரண்டு வருடம் கூடியது. கடைசியில் முன்பு இருந்தபடியே ஐந்து என்று முடித்தார்கள். அந்த இரண்டு வருடமும் கோப்பி ஊற்றியவன் நான், எனக்குத்தான் தெரியும் அவர்கள் எத்தனை போத்தல் பால் முடித்தார்கள் என்று.

கடைசி வரைவு ஒரு வியாழக்கிழமை வந்தது. அச்சு இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தோராம் பிரிவு. இடப்பக்கம்: "நகரத்துக்கு ஒரு வைபல் உண்டு." நடுவில் ஒரு கோடு மட்டும். வலப்பக்கம்: "காலத்துக்கு ஒவ்வாதது." தான் காலத்துக்கு ஒவ்வாதவன் என்பதைத் தானே நானூறு பிரதி எடுக்கும் பாக்கியம் எல்லா மனிதருக்கும் கிடைப்பதில்லை. எனக்குச் சம்பளம் குறையாது, ஓய்வு பெறும்வரை கந்தோர் உதவியாளர் என்று வைத்திருப்பார்கள். அங்கி மட்டும் நூதனசாலைக்குப் போகும். ஆனாலும் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அகதி முகாமில் இலக்கமாக இருந்தவன் நான். ஒரு நகரத்தின் சட்டத்தில் எனக்கென்று ஒரு வரி இருந்தது, அதை எடுக்கிறார்கள்.

ஹெர் ரூட்டிமான் வந்து பக்கத்தில் நின்றார். அச்சான தாள்களை எடுத்து மேசையில் தட்டி ஓரம் நேராக்கினார்.

"இது என் யோசனை அல்ல, ஹெர் திரு. குழுவின் தீர்மானம்" என்றார். என் முழுப் பெயர் திருச்செல்வம். அது அவர்கள் வாய்க்குள் அடங்காததால் எல்லோருக்கும் நான் ஹெர் திரு, அதாவது திருவாளர் திரு.

வீட்டில் மனைவி ராணியிடம் சொன்னேன், இதற்கு நான் நைன்தான் எழுதப் போகிறேன் என்று.

"உந்தப் போர்வைக்காக ஊர்ச் சட்டத்தையே மறிக்கப் போறியளோ?" என்றாள்.

"அது போர்வை இல்லை. அங்கி."

"சரி, அங்கி. நான் யாதான் போடுவன். ரூட்டிமான் பாவம், ஒன்பது வருசம் மாரடிச்ச மனுசன். உது தோத்தால் அந்தாள் என்ன முகத்தோடை பென்சனுக்குப் போறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரும் அந்தக் கோடையில் ஓய்வு பெறுவதாக இருந்தார். வாக்கு உறை வீட்டுக்கு வந்த அன்றே நான் நைன் எழுதி, உறையை ஒட்டி, தபாலில் போட்டுவிட்டேன். நியாயம் வேறு, அங்கி வேறு.

அதே கிழமை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் அண்மையில்தான் குடியுரிமை எடுத்தவர்கள். வழக்கமாக வருவது மெல்லிய உறை. இம்முறை அறுபது பக்கப் புத்தகத்தோடு வந்திருந்தது. எப்படி நிரப்புவது என்று விளங்கப்படுத்தச் சொன்னார்கள். ஹெர் ரூட்டிமானிடம் அனுமதி கேட்டேன். "எப்படி எழுதுவது என்று சொல்லலாம். என்ன எழுதுவது என்று சொல்லக் கூடாது" என்றார். அடுத்த சனிக்கிழமை கரும்பலகையில் சீட்டைப் பெரிதாகக் கீறி, பெட்டியைக் காட்டி, இங்கே யா அல்லது நைன், அட்டையில் மறக்காமல் கையொப்பம் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் கொப்பியில் பார்த்து எழுதினார்கள்.

முன்வரிசையில் மார்க்கண்டு அண்ணை இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, ஓம் எண்டு தமிழிலை எழுதேலாதோ?"

"ஏலாது அண்ணை. யா எண்டுதான்."

"நைன் எண்டும் எழுதலாமோ?"

"எழுதலாம். அது உங்கடை விருப்பம்."

"அதென்னெண்டு எழுதுறது? ஊரிலை ஒரு அரசாங்கம் எங்களிட்டை அடையாள அட்டையைத்தான் கேட்டது. இது வீட்டுக்குப் புத்தகம் அனுப்பி, திருத்தட்டோ எண்டு சம்மதம் கேக்குது. கேட்டு வந்தவனுக்கு இல்லையெண்டு சொல்லுறதோ?"

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. நான் நடுநிலைமைக்குக் கட்டுப்பட்டவன், பலகையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வாக்கெண்ணும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எண்ணும் அறையில் ஹெர் ரூட்டிமானின் சட்டம் கடுமையானது. மேசையில் பேனா இருக்கக் கூடாது, பென்சில் மட்டும். யாரும் பையோடு உள்ளே வர முடியாது. சீட்டுகளை யா, நைன், வெற்று, சந்தேகம் என்று நான்கு தட்டில் பிரித்து, பத்துப் பத்தாக அடுக்கி, ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ண வேண்டும். எண்ணுபவர்கள் சாதாரண நகரவாசிகள். அவர்களுக்குத் தலைவி ஃபிராவ் பொஷ், ஓய்வு பெற்ற ஆசிரியை. சந்தேகச் சீட்டுகளில் எது செல்லும் எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய குழு.

பதினொரு மணியளவில் அவர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "இங்கே மேலே ஏதோ கீறியிருக்கிறது. இரண்டா?"

"இங்கேயும் ஒன்று" என்றார் எதிரே இருந்தவர். "இது நத்தை மாதிரி இருக்கிறது."

கோப்பித் தட்டோடு நின்ற நான் எட்டிப் பார்த்தேன். சீட்டின் தலையில், நட்ட நடுவில், வடிவான ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தது.

நமக்கு அது கையோடு பிறந்த பழக்கம். கடிதமோ, சாமான் பட்டியலோ, சோதனைத் தாளோ, எதை எழுத எடுத்தாலும் மேலே உ என்று ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் பேனா கீழே இறங்கும். போட்டதே நமக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கரும்பலகையில் சீட்டைக் கீறியபோது என் கை முதலில் செய்த வேலை அதுதான். கொப்பியில் பார்த்து எழுதியவர்கள் எதையும் விடவில்லை. நம்முடைய கத்தோலிக்கச் சனம்கூடப் போட்டிருந்தது. பிறகு கேட்டதற்கு, "நீங்கள் கீறினபடியால் உதுவும் சட்டமாக்கும் எண்டு நினைச்சம்" என்றார்கள்.

மதியத்துக்குள் சந்தேகத் தட்டில் முப்பத்தொரு சீட்டுகள் சேர்ந்துவிட்டன. மற்றவை எண்ணி முடிந்தபோது நைன் பதினொரு வாக்கால் முன்னே நின்றது. ஆக, எல்லாம் அந்த முப்பத்தொன்றின் கையில்.

ஃபிராவ் பொஷ் விதிகளைத் திறந்து உரக்க வாசித்தார். எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் உள்ள சீட்டு செல்லாது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இது செல்லாது என்பதோடு முடியாது. யாரோ ஒருவர் பலரைச் சேர்த்து, நான் சொன்னபடி எழுதினாய் என்று தெரிய இந்தக் குறியைப் போடு என்று சொல்லியிருக்கிறார். இது வாக்கு மோசடி. காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும்."

ஹெர் ரூட்டிமான் எழுந்து வந்து சீட்டுக் கட்டைப் பார்த்தார். முகத்தில் இரத்தமில்லை. "இன்ரெசாண்ட்" என்றார். இம்முறை சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

நான் யோக்கியன் என்று இங்கே எழுதிவிடலாம், ஆனால் அது பொய். அந்த அறையில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேசாமல் கோப்பியை வைத்துவிட்டு வெளியே போனால் நைன் வெல்லும். என் வரி சாசனத்தில் இருக்கும். அங்கி என் அலுமாரியில் இருக்கும். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், நான் அங்கியை நினைத்தேன். பிறகு மார்க்கண்டு அண்ணை வீட்டு வாசலில் பொலிஸ் நிற்பதை நினைத்தேன். வாழ்க்கையில் முதல்முறை சம்மதம் கேட்ட ஒரு அரசாங்கத்துக்கு மரியாதையாக ஓம் என்று சொன்ன மனிதர். தட்டை மேசையில் வைத்தேன்.

"இதற்குக் காரணமான ஆள் நான்தான்" என்றேன்.

பத்துத் தலைகள் திரும்பின. கரும்பலகை, பிள்ளையார், கைப்பழக்கம் எல்லாவற்றையும் என் ஜேர்மனில் சொன்னேன். யானைத் தலையுள்ள கடவுள் என்ற இடத்தில் ஃபிராவ் பொஷ் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"உங்கள் சொல்லை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுக்க முடியாது, ஹெர் திரு. ஆதாரம் வேண்டும்" என்றார். நியாயமான அம்மா, குரலில் கோபமில்லை.

"திறப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்" என்றேன்.

ஹெர் ரூட்டிமான் தானே போய் எடுத்து வந்தார். யார் எந்தத் திறப்பை எப்போது கொண்டு போனார் என்று நான் பத்தொன்பது வருடம் எழுதிய புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் உ. கோப்பிப் பட்டியலிலும் உ. மலசலகூடக் கடதாசி வாங்கும் பட்டியலிலும் பிள்ளையார் தவறாமல் இருந்தார்.

ஹெர் ரூட்டிமான் ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி நின்றார். "நான் இதை 'சரிபார்த்தாயிற்று' என்ற குறி என்றே நினைத்திருந்தேன்" என்றார் மெதுவாக. "செயலகக் கைநூலில் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன். நல்ல முறை என்று பட்டதால் நானும் பல வருடமாக, வாசித்து முடித்த ஒவ்வொரு தாளிலும்..."

அத்தோடு நிறுத்திவிட்டார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. அவருடைய வரைவுகளின் தலையில் ஒரு கோணல் கீறல் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், அது அவருடைய சுருக்கெழுத்து என்று நினைத்திருந்தேன். இப்போது ஏன் இந்தச் சிவப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

"நகரச் செயலாளரின் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார் ஃபிராவ் பொஷ்.

"எனக்கு அபிப்பிராயம் இல்லை. குழு முடிவு செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒன்பது வருடம் சாசனத்தின் ஒவ்வொரு காற்புள்ளி பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர்.

குழு அரை மணி நேரம் கதைத்தது. நகர மண்டபத்தின் கடதாசி வாங்கும் பட்டியலிலேயே இருக்கும் ஒரு குறி எவரையும் தனியாக அடையாளம் காட்டாது, ஆகவே முப்பத்தொன்றும் செல்லும் என்று ஃபிராவ் பொஷ் தீர்ப்புச் சொன்னார்.

எண்ணும்போது நான் பின்னால் நின்றேன். யா, யா, யா என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு நைன், வட்டமான எழுத்தில். என்னுடையது. கூரையைப் பார்த்தேன். மறுபடி யா, யா. கடைசிக்கு முதல் சீட்டில் இன்னொரு நைன். நான் ஒருவன்தானே என்று குனிந்து பார்த்தேன். சுழி கோணலாக இருந்தது, கீழே கோடுகள் இல்லை. எழுத்து சிறியதாக, நிமிர்ந்து, 'N' எழுத்தின் முதல் கால் ஊசிபோல் கூர்ந்து நின்றது. வரைவுகளின் ஓரத்தில் அந்த எழுத்தை நான் ஒன்பது வருடம் பார்த்திருக்கிறேன். யன்னல் பக்கம் திரும்பினேன். ஹெர் ரூட்டிமான் முற்றத்து மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறு வாக்கால் சாசனம் நிறைவேறியது. எல்லோரும் அவருக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் நன்றி என்றார்.

சீட்டுகளைப் பெட்டியில் போட்டு முத்திரையிட்டு, இருவருமாக அறையைப் பூட்டினோம். வாக்கு இரகசியம் என்பது அவருக்குத் தெய்வம். ஒருவர் என்ன எழுதினார் என்பதைத் தற்செயலாகக் கண்டாலும் காணாதவராக இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. படிகளில் இறங்கும்போது அவர் ஒருமுறை கனைத்தார்.

"அந்தக் குறி, ஹெர் திரு. அது எதற்காகப் போடுவது?"

"தொடங்குகிற காரியம் தடையில்லாமல் முடிய வேண்டும் என்று."

இன்னும் நான்கைந்து படி இறங்கினோம்.

"எந்தக் காரியமானாலுமா? ஒருவர் நைன் எழுதினாலும்?"

"எதை எழுதினாலும்தான். பிள்ளையார் விசாரிப்பதில்லை."

"அப்படியென்றால், நாற்பத்தோராம் பிரிவை எடுத்தது பிழை என்று நினைத்து நைன் எழுதிய ஒருவர் இருந்தால்," என்றார், ஒவ்வொரு சொல்லாக, படியைப் பார்த்தபடி, "அவருக்கு அது வேலை செய்யவில்லை."

நான் நின்றுவிட்டேன். ஒன்பது வருட உழைப்புக்கு எதிராக, என் ஒரு வரிக்காக, அவர் கை எழுதியிருந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்க இடமில்லை.

"இல்லை, ஹெர் ரூட்டிமான்" என்றேன். "இரண்டு பேருக்கும் வேலை செய்யவில்லை."

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த மனிதர் சத்தமாகச் சிரித்தார். படிக்கட்டு முழுக்கக் கேட்டது. மேல் மாடியிலிருந்து ஃபிராவ் பொஷ் எட்டிப் பார்த்து, ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றோம் இருவரும்.